காலைச் சத்தமும் நம்ம ஸ்ட்ரோக்கர் வேலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் பட்டறையில் ஸ்ட்ரோக்கர் வேலை (பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் கூட்டி எஞ்சினைப் பெரிதாக்குவது) பார்த்த மாருதி எஸ்டீம் கார், விடிகாலையில் ஸ்டார்ட் ஆகிறது. பானெட் திறந்திருக்கிறது, உள்ளிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். “இவ்வளவு ரூபாய் வாங்கிட்டு டூப்ளிகேட் பிஸ்டனைப் போட்டிருக்காங்க” என்று பின்னால் ஒரு குரல். வள்ளியூர் வரைக்கும் போய்விட்டது. தென்காசி வாடிக்கையாளர் ஒருவர் எனக்கே அனுப்பி, “இது உங்க பட்டறைதானே அண்ணாச்சி?” என்று கேட்கிறார். வேலை தாமதம், கூலி ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். டூப்ளிகேட் என்ற சொல்லை மட்டும் அப்படி விட முடியவில்லை.

வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. எஞ்சின் சூடேறும்வரை கேமராவைப் பிடித்திருந்தால் சத்தம் அடங்குவதும் பதிவாகியிருக்கும். அந்த வண்டியில் போட்டிருப்பது 2618 என்ற ரக அலுமினியத்தில் அடித்த ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கியது. இதில் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அதனால் சூட்டில் நன்றாக விரியும். விரிய இடம் வேண்டுமென்று போரில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையில், இடைவெளியைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். கம்பெனி பிஸ்டனுக்கு 0.02 முதல் 0.04 மி.மீ. வரை விடுவார்கள், நாங்கள் இதற்கு 0.08 விட்டோம். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அந்த இடைவெளியில் லேசாகச் சாய்ந்து சுவரைத் தட்டும். அந்தத் தட்டல்தான் நீங்கள் கேட்டது. நாலு சிலிண்டரின் போர் அளவும் பிஸ்டன் அளவும் எழுதிய தாளை வண்டியோடு கொடுத்திருக்கிறோம், வீடியோ எடுத்த தம்பியிடமும் அது இருக்கும்.

சத்தமே வராத பிஸ்டன் இல்லையா என்றால், இருக்கிறது. 4032 என்று ஒரு ரகம், சுமார் 12 சதவீதம் சிலிக்கான், விரிவு குறைவு, இறுக்கமாக வைக்கலாம். ஊருக்குள் ஓட்டவும் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போய்வரவும் அதைத்தான் நானே சொல்வேன். ஆனால் எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் நாக் ஆகி அடி விழும்போது அது விரிசல் விட்டுவிடும். 2618 கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தாங்கும். டிராக்கில் 8000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) சுற்ற வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு எதைப் போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. சூடேறிய பிறகும் அடியிலிருந்து கனமாக ஒரு சத்தம் வந்து, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினால் அது பேரிங். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.

“சி.சி. எவ்வளவு ஏறும்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எஸ்டீமின் 1.3 எஞ்சினுக்குப் போர் 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 75.5 மி.மீ., 1298 சி.சி. ஸ்ட்ரோக்கை 6 மி.மீ. கூட்டினால் 1400-ஐத் தொட்டுவிடும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளாக்கின் உயரம் மாறவில்லையே. பிஸ்டன் 3 மி.மீ. மேலே வந்து நிற்கும். அந்த 3 மி.மீ.யை, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் ராடின் நீளத்தில் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ராடைப் பிஸ்டனில் மாட்டும் பின்னை மேலே ஏற்ற வேண்டும். ராடு குட்டையானால் பிஸ்டனைப் பக்கவாட்டில் சுவரோடு தள்ளும். பின்னை ரொம்ப ஏற்றினால் ஆயில் ரிங் பள்ளத்திலேயே கை வைக்க வேண்டிவரும்.

ஸ்ட்ரோக் கூடினால் சுற்றும் வேகத்தையும் குறைக்க வேண்டிவரும், ஹோண்டாவே இதற்குச் சாட்சி. எஸ்2000 காரின் 2 லிட்டர் எஞ்சினில் 84 மி.மீ. ஸ்ட்ரோக், 9000 பக்கம் சுற்றும். 2004-இல் அமெரிக்காவுக்கென்று ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கி 2157 சி.சி.க்குக் கொண்டுபோனார்கள். கூடவே உச்ச ஆர்.பி.எம்.மை எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கினார்கள். பழைய வேகத்திலேயே விட்டிருந்தால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டரிலிருந்து 27-க்குப் போயிருக்கும்.

அதனால் முதலில் எத்தனை ஆர்.பி.எம். வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், ஸ்ட்ரோக் அதற்குப் பிறகு. 7000-லிருந்து 8000-க்குப் போனால் ராடு போல்ட் தாங்க வேண்டிய இழுவை நூற்றுக்கு முப்பது கூடுகிறது. ஆன்லைனில் சல்லிசாக ஸ்ட்ரோக்கர் கிட் (கிராங்க், ராடு, பிஸ்டன் சேர்ந்த செட்) வாங்கி வருகிறவர்கள் கிராங்கைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது போல்ட்டை. யார் செய்தது என்று தலையில் அடையாளமே இல்லாத போல்ட்டோடு வரும் கிட்டை நாங்கள் பூட்டுவதில்லை. கிராங்க் நம் லேத்துக்காரர்கள் ஈ.என்.24 என்று சொல்லும் ரகத்தில், அதாவது 4340 எஃகில், அடித்ததாக இருந்தால் போதும். அதையும் அப்படியே பூட்டாமல், ராடு, பிஸ்டன் எடைகளை ஒப்பிட்டு பேலன்ஸ் பார்த்துத்தான் உள்ளே வைக்கிறோம். பிளாக்கில் கையால் சுற்றி, ராடு போல்ட் எங்காவது உரசுகிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கிறோம். நாள் பிடிப்பது இதில்தான்.

கிராங்க் கிரைண்டிங்கில் நின்ற தம்பி ஓசூருக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், நன்றாக இருக்கட்டும். புது ஆள் அமையும்வரை அந்த வேலை கோயம்புத்தூர் போய்வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிட் டாலர் விலையில் வருவதால் ஐப்பசி முதல் கூலியோடு முன்பணமும் மாறுகிறது, பட்டியல் கல்லாப் பக்கம் இருக்கிறது. ஸ்ட்ரோக்கர் வேலை செட்டிபாளையம் போல டிராக்கில் ஓடும் வண்டிக்குத்தான். ஆர்.சி. விஷயம் வண்டிக்காரர் பொறுப்பு.

அப்பா காலத்தில் லாரி எஞ்சின் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் இன்று கார் கொண்டுவருகிறீர்கள். வீடியோ வந்த மறுநாளே, “அண்ணாச்சி, நம்ம வண்டியை எப்ப விட?” என்று கேட்டவர்கள் உண்டு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. வீடியோ எடுத்த தம்பி மீதும் கோபம் இல்லை. வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போகட்டும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இருவரும் சேர்ந்து ஸ்டார்ட் பண்ணுவோம். சந்தேகம் தீரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி போர் அளக்கும் கேஜை அவர் கையிலேயே கொடுக்கிறேன், கழற்றிப் பூட்டும் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
திருநெல்வேலி