அறிவியல் கண்காட்சிக் குழுவுக்குப் பழைய கிராணி ஒருவரின் மடல்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் நீங்கள் நடத்திய கண்காட்சிக்குப் பேத்தியோடு வந்திருந்தேன். பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசினார்கள். ஒரு பலகைதான் உறுத்தியது. பனிக்கரடிப் படம், கீழே சிவப்பில் "கடற்பனி உருகினால் கிள்ளான் மூழ்கும்." அதைப் பார்த்த ஒரு தகப்பனார் கைப்பேசியை நீட்டி, "அண்டார்டிக்காவில பனி கூடுதாம், எல்லாம் புருடா" என்றார். பலகைக்குப் பக்கத்தில் நின்ற பையன் முழித்தான்.

முதலில் பலகை. தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) வாங்கி வைத்துவிட்டுக் கதையளந்தால் ஐஸ் கரையும், கிளாஸ் வழியாது. கடற்பனியும் ஏற்கெனவே மிதப்பதுதான். கடல்மட்டம் ஏறுவது கிரீன்லாந்திலும் அண்டார்டிக்காவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலில் சேர்வதாலும், சூடேறிய கடல்நீர் விரிவதாலும். கடற்பனி போனால் கேடு வேறு வழியில் வரும். வெயிலைத் திருப்பி அனுப்பிய வெள்ளைப் பரப்பு போய், வெயிலைக் குடிக்கும் கருங்கடல் திறந்துகொள்ளும்.

அந்தத் தகப்பனார் சொன்னது முழுப் பொய் இல்லை. பனியும் நீரும் விடும் நுண்ணலை வெவ்வேறு. 1978 கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் அதை அளந்து வருகின்றன; மேகமும் துருவத்து நீண்ட இருட்டும் தடையில்லை. ஆர்க்டிக்கில் கடற்பனி ஆண்டிலேயே மிகக் குறைந்திருக்கும் செப்டம்பர்ப் பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு குறைந்து வந்திருக்கிறது. 2012-இல் 3.4 மில்லியன் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. அண்டார்டிக்காவிலோ குளிர்காலப் பரப்பு மெல்லக் கூடி, 2014-இல் 20 மில்லியனைத் தாண்டியது. 2016-இல் சடசடவென்று சரிந்தது. பிப்ரவரிதான் அங்கே கோடை; 2023 பிப்ரவரியில் பரப்பு 1.8 மில்லியனுக்கும் கீழே. கைப்பேசிச் செய்தி 2014-ஓடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் மழைக்கணக்கு எழுதியவன் நான். விடிகாலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னே, டார்ச் வெளிச்சத்தில், செம்புக் குடுவைத் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒரு ஜூலையில் சொட்டு விழவில்லை, மானேஜர் பதறினார். அடுத்த ஜூலையில் பால்மரத்துப் பட்டை காயவே இல்லை, சீவ முடியாமல் ஆட்கள் லயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இதில் எந்த ஜூலையைக் காட்டினாலும் தோட்டத்து மழையைப் பற்றித் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். 1979 தொடங்கி ஆண்டுக்கு ஒரு புள்ளியாக, இரண்டு துருவத்துக்கும் பிள்ளைகளே கோடு வரையட்டும். அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் எண்களை இலவசமாகவே தருகிறது. 2014 மேட்டை மறைக்க வேண்டாம். கட்டம் போட்ட தாள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன். பக்கத்தில் ஒரு கிளாஸ் தே ஓ ஐஸ் வையுங்கள். காசு நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி