இடுப்பு எலும்பு முறிந்தால் நாள் கடத்தக் கூடாது

ஐயா,

பாலக்கோடு அருகே வாசலில் வழுக்கி விழுந்து என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வயது 78. சர்க்கரை குறையட்டும் என்று ஆறு நாள் படுக்கவைத்தார்கள். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குள் முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ராத்திரியில் போர்வை நுனியைப் பிய்த்துக்கொண்டே, "நீ யாருப்பா?" என்று என்னையே கேட்டார். வயதானவர்களுக்கு இப்படித் தற்காலிகக் குழப்பம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது என்பதே இன்றைய மருத்துவ வழிமுறை. காலில் ரத்தம் உறைவதும், நெஞ்சில் சளி கட்டுவதும் அப்போதுதான் குறையும். சர்க்கரையை இன்சுலின் போட்டுச் சீக்கிரமே கட்டுக்குள் கொண்டுவரலாம். எலும்பு மருத்துவரும் பொது மருத்துவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து கவனிக்கும் முதியோர் பிரிவு தருமபுரி மாவட்டத்துக்கு அவசியம் வேண்டும்.

- ஒரு வாசகர், பாலக்கோடு