ரவுட்டர் வாங்கப்போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நேற்றிரவு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே உன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. வேலை நேரத்திலும் இப்படித்தான் ஆகிறது என்றும், அடுத்த சம்பளம் வந்ததும் இருப்பதிலேயே விலை குறைந்த ரவுட்டர் ஒன்றை வாங்கிவிடப்போவதாகவும் சொன்னாய். விலை குறைந்ததை வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கிவிடாதே. அப்படி வாங்கி நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளுக்கு இணையவழியில் கணக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, இணைப்பின் வேகத்தை நொடிக்கு 300 மெகாபிட்டாக உயர்த்திக்கொண்டு, ‘ஏசி1200’ என்று போட்டிருந்த ரவுட்டர் ஒன்றையும் வாங்கி வைத்தேன். இணைப்பைப்போல் நான்கு மடங்கு தாங்கும் என்று நம்பினேன். ஆனால் எப்போது சோதித்தாலும், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று சோதித்தாலும், வேகம் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்புக் கொடுத்தவர்களிடம் ஒன்றரை மாதம் முறையிட்டேன். அவர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பி, இணைப்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருநாள் ரவுட்டரைக் கழற்றிவிட்டு, இணைப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் மோடத்திலிருந்து வரும் கேபிளை நேரே லேப்டாப்பில் செருகிப் பார்த்தபோது 290-க்குமேல் காட்டியது. ரவுட்டரின் போர்ட்டே, அதாவது கேபிளைச் செருகும் துளையே, 100 மெகாபிட்டுக்குமேல் வாங்காத வகை என்பதும், பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘10/100’ என்று அது சொல்லப்பட்டிருப்பதும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டன. அந்த 100-லும், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி முதலிய விவரங்களுக்கு ஒரு பங்கு கழிந்துவிடுவதால், நமக்கு 94 அல்லது 95தான் மிஞ்சும். வந்த ஊழியர்களிடம் கடிந்து பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த 1200 எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று இரண்டையும் கூட்டி, அதைக் கொஞ்சம் உயர்த்தி முழு எண்ணாக்கிப் போட்டுவிடுகிறார்கள். உன் கைபேசி ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றோடுதான் சேரும். அந்த ஒன்றிலும் சொல்லப்பட்ட வேகத்தில் பாதி அளவு கைக்கு வந்தாலே நல்ல நிலைமை என்று கொள்ளலாம். ஆகவே நீ முதலில் பார்க்க வேண்டியது போர்ட்டைத்தான். உன் இணைப்பு 100 மெகாபிட்டுக்குக் கீழே என்றால் 10/100 போதும், வீணாகச் செலவழிக்காதே. அதற்கு மேலே என்றாலோ, விரைவில் உயர்த்தும் எண்ணம் இருந்தாலோ, ஜிகாபிட் (அதாவது 1000 மெகாபிட்) போர்ட் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் எடு. வைஃபை 5, அதற்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 என்று இரண்டு வகை இருந்து விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால் 6-ஐ எடுத்துக்கொள். வீட்டில் பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது அது நேரத்தைத் திறமையாகப் பங்கிட்டுக் கொடுக்கும். ஆன்டெனா நான்கா ஆறா என்று எண்ணிக்கொண்டிருக்காதே. அலையை எவ்வளவு வலுவாக அனுப்பலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. குச்சி கூடுவதால் அந்த வரம்பு கூடாது.

ஆனால் வாங்குவதற்கு முன்பே நீ செய்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நேற்று நீ கேமராவைத் திருப்பி அறையைக் காட்டியபோது கவனித்தேன்: உன் ரவுட்டர் தரையில், டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டிக் கிடக்கிறது. அலைகளுக்கு இரும்பைப்போல் எதிரி வேறில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியும் மீன்தொட்டியும்கூட அவற்றைத் தடுக்கும். அதை அங்கிருந்து எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், தோளுயரத்துக்கு மேலே ஒரு பலகையில், ஆன்டெனா நேராக நிற்கும்படி வைத்துவிட்டு இரண்டு நாள் பார். மோடம் எட்டவில்லை என்றால் ‘கேட் 5ஈ’ கேபிள் ஒன்று நீளமாக வாங்கு. 100 மீட்டர் வரை 1000 மெகாபிட்டை அது தாங்கும், ரவுட்டரைவிட விலையும் மிகக் குறைவு. நீ வேலை பார்க்கும் அறை இரண்டு சுவர் தாண்டி இருப்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே வரும்போது தளர்ந்துவிடும், 2.4 வந்து சேரும் என்றாலும், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் நெருக்கியடிக்கின்றன. அதனால் முடிந்தால் உன் வேலைக் கணினிக்கு மட்டுமாவது கேபிள் இழுத்துவிடு. வீடியோ அழைப்பு நின்று போகாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் புதிதுதான் வேண்டும் என்றால், தயாரித்தவர்கள் அந்த மாதிரிக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு கொடுக்கிறார்களா என்று அவர்களுடைய தளத்தில் பார். பழையதை மலிவாகத் தருகிறேன் என்று நண்பர்கள் சொன்னாலும் இதைப் பார்க்காமல் வாங்காதே; புதுப்பிப்பு நின்றுபோன ரவுட்டர் பூட்டு கழன்ற வாசற்கதவு மாதிரி. வைஃபையை மற்றவர்கள் நுழையாமல் காக்கும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வுக்குக் குறைந்தது வேண்டவே வேண்டாம். மாட்டிய அன்றே ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வைஃபை பாஸ்வேர்ட் இல்லாமலே பொத்தானாலோ சிறு எண்ணாலோ கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்னும் வசதியை அணைத்துவிடு.

எதையாவது தேர்ந்தெடுத்தால் வாங்குவதற்கு முன் மாதிரி எண்ணை எனக்கு அனுப்பு. வெர்ஷன் எண்ணையும் சேர்த்து அனுப்பு. ஒரே பெயரில் வரும் ரவுட்டருக்குள் வெர்ஷனுக்கு வெர்ஷன் வேறு சிப் இருப்பதுண்டு. மாலை வகுப்பு எட்டு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூப்பிடு, இருவரும் சேர்ந்தே அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா