சி3 எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வெள்ளை அணுக்கள் வந்தன, ஆன்டிபாடி வந்தது, கடைசியில் வழக்கம்போல நெல்லிக்காயும் மஞ்சளும் வந்தன, காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. காரைக்குடியில் ஒரு லேபில் வேலை பார்ப்பவள் நான், சும்மா இருக்க முடியவில்லை.

ஆன்டிபாடிதான் கிருமியைக் கொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீரை, 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஆன்டிபாடி அப்படியே இருக்கும், ஆனால் கிருமி சாகாது. சூடாக்காத சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் மறுபடி சாகும். பெல்ஜியத்துக்காரர் ஜூல் போர்டே இதை 1890-களிலேயே காட்டி, 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வாங்கிவிட்டார்.

சூட்டில் கெட்டுப்போகிற அந்தச் சரக்குதான் காம்ப்ளிமென்ட். முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள், பெரும்பாலும் கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஆன்டிபாடி ஒட்டிய கிருமியானாலும் சரி, ஒட்டாததானாலும் சரி, கண்டதும் ஒன்றையொன்று வெட்டிக் கிளப்பிவிடும். எந்த வழியில் தொடங்கினாலும் அவற்றில் ஒன்றான சி3 என்ற புரதத்தில்தான் வந்து சேரும். அது உடைந்து, பெரிய துண்டு கிருமியின் மேலெல்லாம் அப்பிக்கொள்கிறது, சந்தையில் வாங்கின ஆட்டுக்குச் சாயம் தடவி விடுவார்களே, அப்படி. அதைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. கடைசியாக சி5-இன் ஒரு துண்டிலிருந்து சி9 வரையுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் கூடி உறையில் ஓட்டை போட, தண்ணீர் ஏறிக் கிருமி வெடிக்கும்.

பாடப்புத்தகத்தில் அந்த ஓட்டைப் படம் ஜோராக இருக்கும். ஆனால் சீழ்க்கட்டி வரவழைக்கும் தடித்த சுவருள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியிடம் அது எடுபடாது. ஓட்டை போடும் புரதங்கள் பிறவியிலேயே இல்லாதவர்களை முக்கியமாக மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ்தான் திரும்பத் திரும்பத் தாக்குகிறது, சி3-யே இல்லாதவர்களையோ சீழ் பிடிக்க வைக்கும் பலவகைக் கிருமிகள் சின்ன வயதிலிருந்தே விடாது. என்னைக் கேட்டால் சாயம் தடவுகிற வேலைதான் பெரிசு.

அப்புறம் அந்த 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்' பேச்சு. கால் சிரங்கு ஆறிச் சில வாரம் கழித்து, காலையில் கண் இமை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். டாக்டர் ரத்தத்தில் சி3 அளவு பார்க்க எழுதியிருப்பார், ரிப்போர்ட்டில் குறைவாக வரும். உடனே ஆச்சிமார், "சத்து குறைஞ்சு போச்சாத்தா, என்ன பவுடர் கரைச்சுக் குடுக்க?" என்பார்கள். சத்தெல்லாம் குறையவில்லை ஆச்சி, சிரங்குக் கிருமியால் கிளம்பிய காம்ப்ளிமென்ட் அடங்காமல் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துச் செலவாகிப் போயிருக்கிறது. பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் சி3 தானே ஏறிவிடும், ஏறாவிட்டால் டாக்டர் வேறு காரணம் தேடுவார். நம் செல்களைக் காம்ப்ளிமென்ட் தாக்காமல் இருக்கவே ஃபேக்டர் எச், சிடி59 என்று உடம்பு தனியாகக் கடிவாளப் புரதங்கள் வைத்திருக்கிறது, இதில் எதைக் கூட்டுவது?

அடுத்த இணைப்பில் ஒரு சிறுநீரக மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். சிரங்கைச் சும்மா விடக்கூடாது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி