ஸ்பிரிங் வேலைக்குப் பின் இரண்டாம் முறை முறுக்குவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோகும் ஜீப்புகளும், விடுமுறை நாள்களில் சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்கு ஏறும் தார், ஜிம்னி, ஜிப்ஸி வண்டிகளும்தான் நம் பட்டறைக்கு மிகுதியாக வருகின்றன. இவ்வண்டிகளின் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பிடித்திருக்கும் போல்ட் நட்டுகள் குறித்து இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இப்போது எழுத்தில் தருகிறோம். எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு தவறே அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு, தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றுக்குப் பின்பக்கத்து இரண்டு பட்டைக்கட்டுகளையும் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) புதிதாக மாற்றிக் கொடுத்தோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாருங்கள், பட்டைக்கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் ‘U’ வடிவ யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவருக்கு அன்றாட ஓட்டம், வரவில்லை. நாங்களும் தேதியைக் குறித்துவைக்கவில்லை, அழைத்துக் கேட்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது, பிரேக் போட்டால் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறது என்று வந்தார். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்தபோது, இடப்பக்கம் ஏறக்குறைய இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. படுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்து யூ போல்ட் நட்டுகள் ஸ்பேனரை வைத்ததும் சுழன்றன. பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை அறுந்து, பின்அச்சு இடப்பக்கம் முன்னால் நகர்ந்திருந்தது. யூ போல்ட் மாட்டும் அடித்தகட்டில், அழகுக்காக நாங்களே பூசிய கறுப்புப் பெயின்ட் மாவாக அரைபட்டுக் கிடந்தது. நல்லவேளையாக அது கொண்டை ஊசி வளைவில் நிகழவில்லை. வேலையைக் கூலி வாங்காமல் செய்துகொடுத்தோம் என்பதோடு இதை முடித்துவிட முடியாது. ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

போல்ட் என்பது துளைக்குள் செருகிய ஆணி அன்று. நட்டை முறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட ரப்பரைப் போல அது பழைய அளவுக்குத் திரும்ப முயல்வதால்தான் இரு பாகங்களும் ஒன்றோடொன்று நெருக்கப்படுகின்றன. அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது யூ போல்ட்டின் இந்த நெருக்குதலும் அதனால் உண்டாகும் உராய்வுமே. அந்த நெருக்குதல் குறைந்தால், பட்டைகளைக் கோத்து இடம் காட்டுவதற்காக மட்டும் வைக்கப்பட்ட சென்டர் போல்ட்டின் மேல் முழுப் பாரமும் விழுகிறது. அது அதற்கானது இல்லாததால் அறுந்துவிடுகிறது. புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமர்வதும், இடையில் உள்ள பெயின்டும் துருவும் அரைபட்டுப் போவதும், யூ போல்ட் தானே சற்று நீள்வதும் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே நடந்துவிடும். இவற்றுக்கு மயிரிழை அளவு இடம் கிடைத்தாலும் முறுக்கின் பெரும்பகுதி போய்விடும். நட்டு சுழலாமலேயே போல்ட் தளர முடியும் என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

நட்டு தானாகச் சுழன்று கழல்வது இதன் அடுத்த கட்டம். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அதிர்வே நட்டைக் கழற்றுகிறது என்று காட்டினார். பாறாங்கல் பாவிய தோட்டப் பாதையில் நம் வண்டிகள் படுவது பெரும்பாலும் அந்தக் குறுக்கு ஆட்டம்தான். ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இத்தகைய ஆட்டத்தின் முன் அந்த வாஷர் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. சரியான அளவு முறுக்கே காவல்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கழுவிக் காயவைத்தபின் பத்து நிமிடம் குனிந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். போல்ட்டின் தலையைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் மெல்லிய பொடி கசிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இதைச் சேறு என்று துடைத்துவிடுபவர்கள் அதிகம். வாஷருக்குக் கீழே பிறை வடிவில் பளபளப்பு தெரிந்தால், அந்தப் பாகம் நகர்ந்துகொண்டிருக்கிறது. யூ போல்ட்டின் நான்கு நட்டுகளுக்கும் கீழே நீளும் மரை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நீண்டோ குட்டையாகவோ இருந்தால் பிடிப்பு சமமாக இல்லை. பட்டைக்கட்டின் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் பின், ஷாக் அப்சார்பரின் மேல், கீழ்க் கண்கள் ஆகியவற்றில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

வேலை முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய தகட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துத் தருகிறோம். கோடு முறிந்து விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. அன்று மலை ஏற வேண்டாம். கோடு நேராக இருந்தாலும் முறுக்கு குறைந்திருக்கலாம் என்பதால், இரண்டாம் முறை டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்ப்பதை அது ஈடுசெய்யாது.

ஜிப்ஸியிலும் பழைய ஜீப்புகளிலும் நான்கு பக்கமும் பட்டைதான். 2020-இல் வந்த புதிய தாரிலும் ஜிம்னியிலும் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங். அங்கே யூ போல்ட்டுக்குப் பதிலாக, அச்சையோ சக்கரத்தையோ தாங்கும் இரும்புக் கைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கவனிக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் புஷ்களின் ரப்பர் உள்குழலோடு ஒட்டியிருப்பதால், சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும். சில மாதங்களில் கிழிந்தும் போகும். ஆகவே கடைசி முறுக்கை வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கொடுக்கிறோம். லிஃப்டிலேயே முடித்துவிடாமல் ஏன் இறக்கி மறுபடி குனிகிறீர்கள் என்று சிலர் கேட்டதுண்டு, காரணம் இதுவே.

வழியில் நட்டு தளர்ந்ததைக் கண்டால், வண்டியிலுள்ள ஸ்பேனரால் இறுக்கி மெதுவாக ஓட்டி வருவதில் தவறில்லை. ஆனால் ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி மிதிக்க வேண்டாம். அளவு மீறினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு, பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. 100 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஓங்கி மிதிக்கும் ஆளின் எடை அதைப்போல் மூன்று மடங்கு. மரையில் எண்ணெய் தடவினால் அதே முறுக்கு அளவில் நெருக்குதல் கூடிவிடும் என்பதால் அதையும் தவிருங்கள். அறுந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்ததைப் போடுவோரும் உண்டு, தலையில் 8.8, 10.9 என்ற வலிமை எண் பொறிக்கப்படாத போல்ட்டை ஸ்பிரிங் பக்கம் சேர்க்கவே கூடாது, 10.9 இருந்த இடத்தில் 8.8 போடுவதும் கூடாது. கழற்றிய யூ போல்ட்டையும் நைலான் வளையம் உள்ள நட்டையும் நாங்கள் திரும்பப் பயன்படுத்துவதில்லை. பில்லில் அந்தத் தொகை தனியாக இருப்பதைக் கண்டு வருந்த வேண்டாம்.

இனி, ஸ்பிரிங் வேலை செய்த ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாம் முறுக்குக்கான கிலோமீட்டரைப் பில்லின் மேலேயே எழுதித் தருவோம். எங்கள் பதிவேட்டிலும் குறித்து, உரிய நாளில் நாங்களே அழைப்போம். அதற்குக் கட்டணம் இல்லை. யூ போல்ட் தகட்டின் உட்பக்கத்தில் பெயின்ட் பூசுவதையும் நிறுத்திவிட்டோம். வேறு பட்டறையில் ஸ்பிரிங் மாற்றியவர்களும் இதற்காக வரலாம். உங்கள் வண்டிக்கு உரிய முறுக்கு அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துத்தான் செய்வோம்.

காலை ஒன்பது மணிக்கு முன்பு வந்தால் காத்திருக்க நேராது. அரை மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். அடிப்பாகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வாருங்கள். சேறு அப்பிய வண்டியில் அந்த அரை மணி நேரம் நட்டைத் தேடுவதிலேயே போய்விடுகிறது.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளரும் பணியாளர்களும்
போடிநாயக்கனூர்