‘மருந்து ஆருக்கு?’ என்று கேட்டவருக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா கடந்த வியாழக்கிழமை வீடு வந்து சேர்ந்துவிட்டார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெளியே வந்தவர், களியக்காவிளை தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தம் கையாலேயே தம்ளரைப் பிடித்து ஒரு சாயா குடித்தார். சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் அவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்ததை நீங்கள் அன்றன்றைக்கே தொலைபேசியில் கேட்டு அறிந்தவர்கள். அதை மறுபடியும் எழுதும் திராணி எனக்கு இன்னும் வரவில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால் இம்மடல்.

அந்த நாள்களில் எங்களை வாட்டியது நோய் மட்டும் அன்று. சிங்கப்பூரில் அரசு மருத்துவமனையே ஆனாலும் கட்டணச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன தாத்தா முழுக் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும். அதிலும் ஒரு பெரும் பகுதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அப்பாவின் பயணக் காப்பீடு 50,000 டாலருக்கு இருந்தது. முதல் 100 டாலர் மட்டுமே எங்கள் பொறுப்பு. ஆனால் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு, செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று உத்தரவாதக் கடிதம் அனுப்பினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதுவரை அது வெறும் காகிதம். அந்தக் கடிதம் மூன்று நாள்களாக வரவில்லை.

காரணம் ஒரு சின்ன மாத்திரை. அப்பாவும் அம்மாவும் தங்கள் மருந்துகளையெல்லாம் ஒரே துணிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அவசரத்தில் என் தங்கை அந்தப் பையை அப்படியே மருத்துவரிடம் கொடுக்க, அதிலிருந்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் அப்பா தினமும் உட்கொள்ளும் மருந்தாக அனுமதிக் குறிப்பில் ஏறிவிட்டது. அது அம்மாவுடையது, இதயத்துக்காக உட்கொள்வது. அம்மாவின் இதயக் கோளாறை அவருக்குரிய விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியிருந்தோம். அப்பாவின் விண்ணப்பத்தில், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தோம், அது உண்மையும்கூட. இப்போதோ அந்த ‘இல்லை’ பொய் போலத் தெரிந்தது. முன்பே இருந்த நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தால் நிறுவனம் கைவிரிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆகவே அவர்கள் கேட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று நாள் மௌனமாக இருந்துவிட்டு, ஒருநாள் மாலை மின்னஞ்சலில், கடந்த இரண்டு ஆண்டுகளின் மருந்துப் பதிவுகளை மறுநாள் சிங்கப்பூர் நேரம் நண்பகலுக்குள் அனுப்பவில்லையென்றால் கேஷ்லெஸ் கோரிக்கை, அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டக் கேட்கும் கோரிக்கை, மூடப்படும் என்று எழுதியதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அங்கே நண்பகல் என்றால் இங்கே காலை ஒன்பதரை.

நம்மில் யார் மருந்துக் கடைப் பில்லைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம்? மாத்திரையைச் சுற்றித் தந்த தாள் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். இரவு பத்து மணிக்கு, வேறு வழி தெரியாமல், தக்கலையில் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கார அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். கடை அடைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் போயிருந்தார். கட்டிய சாரத்தோடு, மகனையும் கூட்டிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து ஷட்டரைப் பாதி தூக்கினார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்து ரூபாய்க்குத் தைலம் வாங்கினாலும், “மருந்து ஆருக்கு? பேரு சொல்லுங்க” என்று கேட்டு, கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நான் எத்தனையோ முறை அவரிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை, “யாருக்கா இருந்தா உங்களுக்கென்ன?” என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அவர் அன்றும் பெயரை எழுதிவிட்டுத்தான் கொடுத்தார்.

காலி குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால், பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்த நகல் புத்தகங்களை இறக்கி, தரையில் அமர்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். கார்பன் எழுத்து சில இடங்களில் ஊதா நிழலாக மங்கிப்போயிருந்தது. அவற்றை அவர் விளக்குக்கு நேராகச் சாய்த்துப் படித்தார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அம்மாவின் பெயரில், ஆஸ்பிரின் இரண்டு அட்டை. ஓர் அட்டைக்குப் பதினான்கு மாத்திரை. இருபத்தாறு பில் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து கிடைத்தன. விடுபட்ட மாதத்தில் அம்மா நாகர்கோவிலில் சித்தி வீட்டில் இருந்தார். அப்பாவின் பெயரில் இரண்டு ஆண்டுகளில் கிடைத்தவை கண்ணுக்குச் சொட்டு மருந்தும், இருமல் மருந்தும், ஒருமுறை பாராசிட்டமாலும்தான்.

பில்களைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று நான் எழுந்தபோது அண்ணன்தான் தடுத்தார். “சாரே, பில்லு மட்டும் போதாது. இருபத்தெட்டு நாளைக்கு இருபத்தெட்டு குளிகதான் போயிருக்கு. ஒரு ஆளுக்குத்தான் காணும். ரண்டு பேரு தின்னா பதினாலு நாள்ல தீந்திருக்கும்லா? அதயும் எழுதுங்க” என்றார். இருபது ஆண்டுகளாகக் கணக்கு வாத்தியாராக இருக்கும் எனக்கு அந்த வகுத்தல் தோன்றவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, கடையின் முத்திரையும் அவருடைய கையெழுத்தும் வாங்கி, படங்களோடு சேர்த்து அனுப்பியபோது மணி ஒன்றரை. இடையில் அவருடைய மனைவி கட்டன் சாயாவும் நாலு முறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். பணத்தைப் பற்றி நான் வாய் திறந்ததும், “இதுக்கு என்னத்துக்கு பைசா, போய் உறங்குங்க” என்று ஷட்டரை இறக்கிவிட்டார்.

மறுநாள் மாலை உத்தரவாதக் கடிதம் வந்தது. எந்த ஆவணத்தைக் கண்டு மனம் மாறினார்கள் என்று நிறுவனம் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குத் தனித்தனியே எழுத வேண்டிய கடன் இருக்கிறது. இங்கே ஒன்றாகச் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். விடியற்காலையிலேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்த எங்கள் குடும்ப மருத்துவர். அப்பாவுக்குப் புரியும் தமிழில் பேசிய அந்த மருத்துவமனைத் தாதியர். தங்கையின் குழந்தையை ஒன்பது நாளும் பார்த்துக்கொண்ட அடுக்குமாடி அண்டை வீட்டார். அப்பாவுக்காகப் பிரார்த்தித்த தேவாலயத்தாரும் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களும். பறக்கத் தகுதியுண்டு என்னும் சான்று, விமான நிறுவனப் படிவம் என்று அலைந்த தங்கையின் அலுவலக நண்பர்கள் அனைவரும். மார்த்தாண்டத்துக் காப்பீட்டு முகவர் அக்காவையும் மறக்க முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் முடியாது. சிங்கப்பூர் விசாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அது தெண்டச் செலவு என்று அப்பா மறுத்தபோது, இரண்டு முறை வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கியவர் அவர்.

நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டோடு வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் 10 லட்ச ரூபாய்க் காப்பீடு கட்டாயம். ஆனால் மகள் பிரசவத்துக்கும் பேரன் பிறந்தநாளுக்கும் போகும் நம் அப்பா அம்மாக்களை எதையும் எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெட்டியில் கருப்பட்டியும் நேந்திரங்காய் வற்றலும் இடம் பிடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இனி எங்கள் தெருவிலிருந்து எந்த முதியவர் புறப்பட்டாலும், அவருடைய படிவத்தை வரிவரியாகப் படித்து நிரப்பித் தருவதும், இருவர் போனால் மருந்தை இரண்டு பையாகப் பிரித்து மேலே பெயரெழுதிக் கட்டித் தருவதும் என் வேலை. தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் இருப்பேன்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மூலப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் அனுப்பிய விசாரணையாளரிடம் காட்டுவதற்காக நீங்கள் நம்பிக் கொடுத்த நகல் புத்தகங்கள் என் மேசையில் இருக்கின்றன. அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு தாளும் கிழியவில்லை. அட்டை பிய்ந்திருந்த ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை, அம்மாவுக்கு ஆஸ்பிரின் வாங்க வரும்போது கொண்டுவந்து தருகிறேன். இம்முறை அப்பாவுக்கும் ஒரு சீட்டு இருக்கிறது; அவர் பெயரில் தனியாக ஒரு பில் போடுங்கள்.