வின்னியை முழுசாகக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்சன் மண்டேலாவின் மனைவியாக இருந்தவரும், தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியவருமான வின்னி மண்டேலாவைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1969 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் உள்ள வீட்டில், அவருடைய இரண்டு பெண் குழந்தைகள் பார்த்திருக்க போலீசார் அவரைப் பிடித்துப் போனார்கள். 491 நாள் காவல். பெரும்பாலும் தனிச் சிறை. அதை ஒரு பாட்டுக்குள் ஓட்டிவிடாதீர்கள். பெற்ற வயிறுள்ள எனக்கு அது தாங்காது. 1977-இல் பிராண்ட்ஃபோர்ட் என்ற தொலைதூரச் சிற்றூருக்கு அரசு அவரைத் துரத்தியதும் வரட்டும்.

ஆனால் 1989-இல் வின்னியின் மெய்க்காவலர் கூட்டத்தால் கொல்லப்பட்ட பதினாலு வயதுச் சிறுவன் ஸ்டாம்பியை மறைக்கக் கூடாது. அவனைக் கடத்திய வழக்கில் 1991-இல் வின்னி குற்றவாளி என்று தீர்ப்பானது. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 1997 விசாரணையில், அதன் தலைவர் பேராயர் டுட்டு கெஞ்சிய பிறகுதான் வின்னி வருத்தம் தெரிவித்தார். எங்கள் தெருவில் அவர் படத்தை மாட்டியவர்களும் உண்டு, பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஸ்டாம்பியின் தாய்க்கும் திரையில் இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி,
சாட்ஸ்வொர்த், டர்பன்